குறைமாசப் பிள்ளையும் முந்நூறு ரூபாயும்

சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தைக்கு முதல் பிள்ளை எட்டாம் மாசத்தில் பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. 1985, சம்பா நடவு நேரம். "ஏழுல பொறந்தா பொழைக்கும், எட்டுல பொறந்தா தங்காது" என்று ஊரே சொல்லித் தேற்றியதாம். (பழைய கிரேக்கர்களுக்கும் இதே நம்பிக்கை. ஹிப்போகிராட்டஸ் பெயரில் எட்டு மாசக் குழந்தை பற்றித் தனி நூலே உண்டு. உண்மை நேர் தலைகீழ்: வயிற்றில் ஒரு வாரம் கூடினால் பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.) அத்தை அதை நம்பவில்லை. "மொத நாள் பூரா குனிஞ்சு நட்டேன்டா" என்பார், அவ்வளவுதான்.

நடவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரத்தசோகை, கிருமித்தொற்று, ரத்தக்கொதிப்பு, அடுத்தடுத்த கர்ப்பம் என்று குறைப்பிரசவத்துக்குப் பல வழிகள். ஆனால் ஓய்வு பற்றிய பேச்சு புதிதல்ல. 1895-லேயே பாரிஸில் அடோல்ஃப் பினார் என்ற மகப்பேறு மருத்துவர், கடைசி நாள்வரை உழைத்த ஏழைப் பெண்களையும், விடுதியில் தங்கி ஓய்வெடுத்தவர்களையும் ஒப்பிட்டார். ஓய்வெடுத்தவர்களின் குழந்தைகள் கால் கிலோவுக்கு மேல் கூடுதல் எடை.

சரி, ஓய்வெடுக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது? பம்பாயில் 1929-லும், மதராஸ் மாகாணத்தில் 1930-களிலும் மகப்பேறு உதவிச் சட்டங்கள் வந்தன. ஆலைப் பெண்களுக்கு மட்டும். 1961-ன் மத்தியச் சட்டத்தை எடுத்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடைசி மாதங்களில் கடும் வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது, கருவின் வளர்ச்சி கெடும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை, சுரங்கம், தேயிலைத் தோட்டம் எல்லாம் அதில் உண்டு. வீராணம் ஏரித் தண்ணீரில் முழங்கால் சேற்றில் நிற்கிறவளும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறவளும் அதற்குள் வரவில்லை. அன்றாடக் கூலிக்காரியின் முதலாளி யார் என்று சட்டம் எங்கே போய்த் தேடும்?

தமிழ்நாடு அரசு 1987-ல் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போனது. முதலாளியைத் தேடாமல் தானே கொடுத்தது, 300 ரூபாய். பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வளர்ந்த திட்டம் இதுதான். அதன் நோக்கங்கள் மூன்று: சத்தான சாப்பாடு, இழந்த வருமானத்துக்கு ஈடு, எடை குறைந்த குழந்தை பிறக்காமல் தடுப்பது. நடுவில் இருக்கும் அந்த வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயலுக்குப் போகாத நாளுக்கும் ஒரு விலை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. தொகை 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ஆனது.

ஒரு விஷயம் இடிக்கிறது. 2011-ல் பணத்தை மூன்று தவணையாகப் பிரித்தார்கள்: கர்ப்பகாலப் பரிசோதனைக்கு 4,000, அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்கு 4,000, தடுப்பூசிக்கு 4,000. பரிசோதனைக்கும் ஊசிக்கும் ஆட்களை வரவழைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் இரண்டு தவணை குழந்தை பிறந்தபின் வந்தது. குறைமாசத்தைத் தடுக்க அது எப்படி உதவும்? 2020-ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்ததாக மதிப்பீடு. உலகிலேயே அதிகம்.

போன மாசம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். தொகையைக் கேட்டு அவர் அசரவில்லை.

"அது எப்பக் குடுக்கறாங்க? நடவுக்கு முன்னாடியா, அறுப்புக்கு அப்புறமா?"