சோடியம்: உவரா, களரா?

1807இல் ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தார். சோடாவிலிருந்து வந்ததால் அது சோடியம் ஆயிற்று. ஜெர்மானியருக்கு அது நாட்ரியம், ‘என்.ஏ.’ என்ற குறியீடும் அந்தப் பெயரின் சுருக்கம்தான். அதற்கு மூலமான ‘நாட்ரான்’ எகிப்தின் வறண்ட ஏரிகளில் பூக்கும் காரம். அது பிணத்தைப் பதப்படுத்தியது, துணியையும் வெளுத்தது. ஆக, இரண்டு பெயர்களும் காரத்தைச் சுட்டுகின்றன. நாக்கில் கரிக்கும் உப்பைச் சுட்டவில்லை. நம் கலைச்சொல் பட்டியல்களில் சோடியத்துக்குக் காணப்படும் ‘உவர்மம்’ இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது என்பது என் கருத்து.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் சோடியம் என்று யாரும் சொல்வதில்லை. காஸ்டிக், சோடா ஆஷ், ஹைட்ரோஸ், உப்பு என்பவையே அங்கே வழங்கும் சொற்கள். நான்கிலும் இருப்பது சோடியம். ‘உப்பு’ சமையலுப்பாகவும் இருக்கலாம், சோடியம் சல்பேட்டான கிளாபர் உப்பாகவும் இருக்கலாம். தண்ணீரில் பருத்திக்கும் எதிர்மின்னூட்டம், ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயனி நடுவே புகுந்து அந்தப் பிணக்கைத் தணிக்கிறது. சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் துணி கயிறாகச் சுற்றிக்கொண்டிருக்க, உப்பு இறங்க இறங்கத் தண்ணீர் வெளுக்கும், துணி கறுக்கும். அதன்பின் சோடா ஆஷைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுவார்கள். அவசரப்பட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, கழிவுநீரோடு போய்விடும்.

அப்படிப் போனது நொய்யல் ஆற்றில் கலந்தது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வழக்குகளில் அடிபட்ட சொல் ‘டிடிஎஸ்’, கரைந்த உப்புகளின் மொத்த அளவு. அந்த அளவு எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லாது.

வேளாண் துறை பிரித்துச் சொல்கிறது. எந்த உப்பானாலும் மிகுந்த நிலம் உவர். களிமண் துகள்களில் கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் ஒட்டிக்கொண்ட நிலம் களர்: மழையில் சேறு, வெயிலில் கல். வள்ளுவர் கல்லாதவரை ஒப்பிட்டது இந்த நிலத்தோடுதான். எனக்கு அதைவிட முக்கியமான சான்று புறநானூற்றின் 311ஆம் பாட்டு. அதில் வெளுக்கும் பெண் களர்நிலத்தில் குழி தோண்டி, அந்த நீரில் ஆடை வெளுக்கிறாள். களரில் ஊறும் நீரில் சோடியம் கார்பனேட் கரைந்திருப்பது இயல்பு. அவள் ஏன் அங்கே தோண்டினாள் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. நாட்ரான் செய்த அதே வேலை, அதே பொருள். சோடியத்துக்குத் தமிழ்ப்பெயர் வேண்டுமென்றால் அதைக் களரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

களரைத் திருத்த ஜிப்சம் இடுவார்கள். அதிலுள்ள கால்சியம் மண்ணில் ஏற, சோடியம் சல்பேட்டாகி வடிநீரில் இறங்கும். பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் கிளாபர் உப்பும் அதே சோடியம் சல்பேட்தான்.