வாகனப் பசைப்படிவு நீக்கம்

கார், வேன் முதலியவற்றின் பெயிண்டிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு, சோப்பு நீருக்கு மசியாத பசை, தார், மரப்பிசின், உப்புக்கறை ஆகியவற்றை மேற்பரப்பு கெடாமல் எடுக்கும் வேலை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஸ்டிக்கர் பசையே இவற்றுள் முதன்மையானது.

வரலாறு: ஒட்டு நாடா பிறந்ததே கார் பெயிண்டு பட்டறையில்தான். 1920-களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்களுக்கு மவுசு. ஒரு வண்ணம் அடிக்கும்போது மற்றதை மறைக்கக் காகிதத்தைக் கோந்து போட்டு ஒட்டுவார்கள். உரித்தால் புதுப் பெயிண்டும் கூடவே வரும். செயின்ட் பால் நகரப் பட்டறைகளுக்கு 3எம் நிறுவனத்தின் உப்புத்தாள் மாதிரிகளைக் கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ, பெயிண்டர்கள் இதற்காகத் திட்டுவதைக் கேட்டார். தச்சுவேலைப் பசையில் கிளிசரின் கலந்து, சுருக்கக் காகிதத்தில் தடவி, 1925-இல் மறைப்பு நாடாவை உருவாக்கினார். நன்றாக ஒட்டவும் வேண்டும், தடமில்லாமல் உரியவும் வேண்டும் என்ற அந்த நிபந்தனையை இன்றைய ஸ்டிக்கர்கள் பல மறந்துவிட்டன. தானே ஒட்டும் லேபிளை ஸ்டான்டன் ஏவரி 1935-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

காரணம்: ஸ்டிக்கர் பசை உலர்ந்து ஒட்டுவதில்லை, கடைசிவரை பிசுபிசுப்பாக இருந்து, அழுத்தினால் பற்றுகிறது. மாதக்கணக்கில் வெயில் பட்டால் மேலுள்ள பிளாஸ்டிக் தாள் நொறுங்கிப்போகிறது, பசை இறுகுகிறது. அதன்பின் உரித்தால் தாள் மட்டுமே துண்டுதுண்டாக வரும். ஆலையிலிருந்து புதுக் காரின் மேல் ஒட்டிவரும் வெள்ளைப் பாதுகாப்புத் தாளையும் வெயிலில் விட்டுவைத்தால் இதே கதிதான்.

சட்டமும் பசையும்: இவ்வேலைக்குத் திடீர்க் கிராக்கி உண்டானது பெரும்பாலும் அரசு, நீதிமன்ற ஆணைகளால். கார் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் கூடாதென உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்பின் கண்ணாடிகளில் 70, பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்ற அளவு கண்ணாடிக்கே உரியது, ஒட்டிய படலத்துக்கு அன்று என்றது அத்தீர்ப்பு. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிக் கட்டண ஒட்டுவில்லையான ஃபாஸ்டேக் கட்டாயமானபின், அதை மாற்றும்போதெல்லாம் முன்கண்ணாடியின் உட்புறம் பசை தங்குகிறது. பிரஸ், போலீஸ், வழக்கறிஞர் என நம்பர் பிளேட்டில் ஒட்டியவர்கள்மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுத்தது.

முறை: ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து தட்டையாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மிஞ்சிய பசைக்கு யூகலிப்டஸ் தைலமே உகந்தது. பனியன் துணியில் நனைத்துச் சில நிமிடம் பசைமேல் போட்டுவைத்தால், அது திரண்டு துணியோடு வந்துவிடும். பின்னர் ஷாம்பூ போட்டுக் கழுவி வேக்ஸ் பூசவேண்டும். தாருக்கு மண்ணெண்ணெய். தின்னர் வேண்டவே வேண்டாம்: சூளையில் சுட்ட ஆலைப் பெயிண்டு ஒருவேளை தாங்கும், டிங்கரிங் பட்டறையில் மறுபடி அடித்தது கரைந்து வந்துவிடும். கண்ணாடியில் சோப்பு நீர் தெளித்துப் புது பிளேடால் சாய்வாகச் சுரண்டலாம். பின்கண்ணாடியில் பனி நீக்கும் வெப்பக்கோடுகள் உள்ள பக்கத்தில் பிளேடு படக்கூடாது. ஒரு கோடு அறுந்தால் அந்த வரி வேலைசெய்யாது. போர்வெல் நீர் காய்ந்த உப்புக்கறை வினிகரில் போகும். கண்ணாடியை அரித்துவிட்ட பழங்கறைக்குப் பாலிஷ்தான் வழி.

இன்று: ஆயத்த ஸ்ப்ரேக்களும், பெயிண்டில் ஒட்டிய துகள்களை உருவி எடுக்கும் களிமண் கட்டியும் கடைகளில் கிடைக்கின்றன.