வெள்ளம் வடிந்த பின் பரவும் எலிக்காய்ச்சல்: அறிகுறிகளும் தடுப்பு முறைகளும்

வெள்ளத்தின் பாதிப்பு தண்ணீர் வடிந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. நிவாரண முகாம்களிலிருந்து வீடு திரும்பும் மக்கள் சேற்றையும் குப்பைகளையும் அகற்றும் நாள்களில் எலிக்காய்ச்சல் பரவும் அபாயம் அதிகரிக்கிறது.

கடந்த 2018 ஆகஸ்ட் மாதம், 1924-ஆம் ஆண்டுக்குப் பிறகு கண்டிராத பெருவெள்ளத்தைக் கேரளம் எதிர்கொண்டது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; 10 லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் தஞ்சமடைந்தனர். வெள்ளம் வடிந்து தூய்மைப் பணிகள் தொடங்கிய சில நாள்களில் எலிக்காய்ச்சல் பரவி மேலும் பலரது உயிரைப் பறித்தது. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அதைத் தொடர்ந்த வாரங்களில் அங்கும் இந்நோய் பரவியது.

பரவுவது எப்படி?

எலிக்காய்ச்சலுக்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. எலிகள், கால்நடைகள், நாய்கள் ஆகியவற்றின் சிறுநீர் வழியாக வெளியேறும் இக்கிருமி, ஈரமான மண்ணிலும் நன்னீரிலும் பல வாரங்கள் உயிர்வாழக்கூடியது. கால்களில் உள்ள வெடிப்பு, சிறு காயம், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் நுழைகிறது. தூய்மைப் பணியாளர்கள், வயல்களில் வேலை செய்வோர், கால்நடை வளர்ப்போர், மீட்புப் பணியில் ஈடுபடுவோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

அறிகுறிகள்

கிருமி நுழைந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். சிலருக்கு 30 நாள்கள் வரை ஆகலாம். கடுமையான காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல், தசைவலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி ஆகியவை முக்கிய அறிகுறிகள். டெங்கு உள்ளிட்ட பிற காய்ச்சல்களிலும் இவற்றில் பல காணப்படுவதால் நோயைக் கண்டறிவதில் தாமதம் ஏற்படுகிறது.

முதல் சில நாள்களில் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனையில் நோய் எதிர்ப்பொருள்கள் தென்படாமல் போகலாம். எனவே முடிவுக்காகக் காத்திராமல், அறிகுறிகளின் அடிப்படையிலேயே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவது வழக்கம். வெள்ளநீரிலோ சேற்றிலோ இறங்கியிருந்தால், அதை நோயாளி மருத்துவரிடம் தெரிவிப்பது இதனால் மிகவும் அவசியமாகிறது.

மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமும்போது ரத்தம் வருதல் ஆகியவை நோய் முற்றியதைக் காட்டுகின்றன. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். தொடக்கத்திலேயே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அளித்தால் நோயைக் குணப்படுத்த முடியும். மருத்துவர் ஆலோசனையின்றி வலி நிவாரணி மாத்திரைகளை உட்கொள்வது சிறுநீரகப் பாதிப்பை மோசமாக்கக்கூடும்.

தடுப்பு முறைகள்

வெள்ளநீரில் பணியாற்றுவோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை தடுப்பு மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2018-இல் கேரள சுகாதாரத் துறை இம்மாத்திரையை வழங்கியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவர்கள் ஆகியோர் மருத்துவர் கூறும் மாற்று மருந்தையே உட்கொள்ள வேண்டும். மாத்திரை முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதால் முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அணிவது அவசியம். காயங்களை நீர் புகாதவாறு மூட வேண்டும். வேலை முடிந்ததும் கை, கால்களைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருக வேண்டும்.

வெள்ளநீரில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது லேசானதாக இருப்பினும் உடனே அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுக வேண்டும்.