ஒரு தாயின் பெயரும் ஒரு துள்ளல் பாட்டும்



போன வாரம் என் பேரன் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, "தாத்தா, இது எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றான். துள்ளலான மெட்டு. கால் தானாகத் தாளம் போட்டது. "நல்லா இருக்குடா. பாட்டோட பேரு என்ன?" என்றேன். "எனோலா கே" என்றான். என் கால் நின்றுவிட்டது.

"1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா" என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். குண்டு போட்ட விமானத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது யாருடைய பெயர் என்று நானும் சொன்னதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

அது ஒரு தாயின் பெயர். பி-29 விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸின் அம்மா எனோலா கே டிபெட்ஸ். மகன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. விமானம்தான் ஓட்டுவேன் என்று மகன் நின்றபோது அவன் பக்கம் நின்றவர் அம்மா. அந்த நன்றியில், புறப்படுவதற்கு முந்தைய நாள், விமானத்தின் மூக்குப் பகுதியில் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னார் டிபெட்ஸ். குண்டுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: லிட்டில் பாய், அதாவது சின்னப் பையன். ஒரு தாயின் பெயர் தாங்கிய விமானம் ஒரு சின்னப் பையனைச் சுமந்துகொண்டு, டினியன் தீவிலிருந்து அதிகாலை 2.45 மணிக்குக் கிளம்பியது. காலை 8.15க்குக் குண்டு விழுந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது ஹிரோஷிமா நகரத்தின் மதிப்பீடு.

இனி பாட்டுக்கு வருவோம். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் இசையின் ஆவேசம் தணிந்து, 'நியூ வேவ்' என்ற புதிய அலை கிளம்பியது. கிதாரை ஓரமாக வைத்துவிட்டு சிந்தசைசரைக் கையிலெடுத்த இளைஞர்கள் பலர் அதில் உண்டு. லிவர்பூலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் விரல் பகுதியைச் சேர்ந்த ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ப்ரீஸும் 1978இல் தொடங்கிய குழுவின் பெயர் 'ஆர்கெஸ்ட்ரல் மனோவர்ஸ் இன் த டார்க்'. சுருக்கமாக ஓ.எம்.டி. மெக்ளஸ்கிக்கு இரண்டாம் உலகப் போர் விமானங்கள் மீது தீராத ஆர்வம். நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு அவர் எழுதிய பாட்டு இது. வெளியானது 1980 செப்டம்பர். பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடம், இத்தாலியில் முதலிடம்.

பாட்டின் அமைப்பு எளிது. ஒரு தாள எந்திரம். திரும்பத் திரும்ப வரும் நான்கு கார்டுகள். பல்லவி என்று தனியாக எதுவும் இல்லை. அந்த இடத்தை சிந்தசைசர் மெட்டுதான் நிரப்புகிறது. வார்த்தைகளைக் கவனிக்காதவருக்கு அது காதல் பாட்டு. தலைப்பில் உள்ள 'கே' என்ற சொல்லைப் பார்த்து, ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றிய பாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. கவனித்துக் கேட்டால்தான் தெரியும், 8.15இல் நின்றுபோன கடிகாரத்தைப் பற்றியும் அதில் வருகிறது. உன் சின்னப் பையனை நினைத்து உனக்குப் பெருமைதானா அம்மா என்ற கேள்வியும் வருகிறது. சின்னப் பையன் என்றால் குண்டா, மகனா? இரண்டும்தான்.

இந்தப் பாட்டு வெளிவந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1979 டிசம்பரில், அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்துவதென்று நேட்டோ முடிவெடுத்தது. 1980 ஜூனில் கிரீனம் காமன், மோல்ஸ்வர்த் என்ற இரண்டு ஊர்களை பிரிட்டன் அரசு அதற்காக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் அரசே ஒரு கையேட்டை விற்பனைக்கு விட்டது. அணுகுண்டு விழுந்தால் வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, அதற்குள் பதுங்கிக்கொள்ளுங்கள். 14 நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. வரலாற்று ஆசிரியர் இ.பி. தாம்சன், பதுங்காதீர்கள், எதிர்த்து நில்லுங்கள் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு கார்டிஃப் நகரிலிருந்து பெண்கள் நடந்தே கிரீனம் காமன் போய் முகாம் போட்டார்கள். கடைசி ஏவுகணை அங்கிருந்து வெளியேறியது 1991இல். ஆக, இளைஞர்கள் இந்தப் பாட்டுக்கு ஆடிய 1980இல் ஹிரோஷிமா அவர்களுக்குப் பழங்கதை அல்ல. நாளை நம் தெருவில் நடக்கலாம் என்ற பயம் அது.

விமானம் இன்றும் இருக்கிறது. 1995இல் வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகம், அதை வைத்து விரிவான கண்காட்சி ஒன்றுக்குத் திட்டமிட்டது. செத்தவர்களின் கதையும் அதில் இடம்பெறுவதாக இருந்தது. போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, இயக்குநர் பதவி விலகினார். டிபெட்ஸ் 2007இல் காலமானார். தான் செய்ததற்காக அவர் கடைசிவரை வருந்தவில்லை. ஆனால் கல்லறை எழுப்பினால் அங்கே போராட்டம் நடக்கும் என்று அஞ்சி, தனக்குக் கல்லறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் பெயரை உலகமறியச் செய்த மகனுக்குத் தன் பெயரை ஒரு கல்லில் பொறிக்க முடியவில்லை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அந்த அம்மா என்ன தாத்தா நினைச்சிருப்பாங்க?" என்றான்.

பாட்டும் அதைத்தான் கேட்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் நடத்தவில்லை என்பதுதான் உண்மை. தேதிக்கு ஒரு மதிப்பெண், விமானத்தின் பெயருக்கு ஒரு மதிப்பெண் என்று போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஆகஸ்ட் 6 அன்று பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். முதலில் ஆடட்டும். பிறகு பெயரைச் சொல்லுங்கள்.