திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் காட்சி ஓவியங்கள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் ஆகியவற்றை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஓவியர்கள் வரைந்த படங்களை இத்தலைப்பு குறிக்கும். மலைக்கோட்டையை அவர்கள் விரும்பி வரைந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. கர்நாடகப் போர்களின்போது ஆங்கிலப் படை இக்கோட்டையைக் காத்து நின்ற கதை அவர்கள் ஊரில் பலரும் அறிந்தது.

சென்னைப் படையைச் சேர்ந்த பிரான்சிஸ் ஸ்வைன் வார்டு, 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 10 எண்ணெய் ஓவியங்களை அளித்தார். மலைக்கோட்டைக் காட்சியும் ஸ்ரீரங்கத்துச் சத்திரமும் அவற்றுள் உண்டு. ஆனால் இவரைவிடப் பெயர் பெற்றவர்கள் 1792இல் இங்கு வந்த தாமஸ் டேனியலும் (1749–1840) அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் (1769–1837).

தாமஸ் முதலில் குதிரை வண்டிகளில் குலச்சின்னம் எழுதிப் பழகியவர்; பிறகுதான் 1773இல் லண்டன் ராயல் அகாதமிப் பள்ளியில் சேர்ந்தார். வில்லியமுக்கு அந்தப் பள்ளிப் படிப்பும் அப்போது இல்லை. பதினாறு வயதையொட்டி, 1785இல், சித்தப்பாவுக்கு உதவியாளாகக் கப்பலேறினார். பயணமே அவருக்குப் பயிற்சியாயிற்று. இருட்டுப்பெட்டி (கேமரா அப்ஸ்கியூரா) வழியே தாளில் விழும் உருவத்தைப் பென்சிலால் பிடிப்பது, கோடுகளைச் சரிபார்ப்பது, மெல்லிய நீர்வண்ணம் பூசுவது என்று ஆண்டுக்கணக்கில் அதே வேலை. பிற்காலத்தில் அவரும் அகாதமியின் முழு உறுப்பினரானார்.

வெளியில் எண்ணெய் வண்ணம் தீட்டுவது அன்று எளிதன்று. அழுத்திப் பிதுக்கும் உலோகக் குழாய் 1841இல்தான் வந்தது. அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். நீர்வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே களத்தில் வரைந்த கோட்டுப்படங்களைக் கொண்டே பின்னர் எண்ணெய் ஓவியங்களை உருவாக்கினார்கள். 1793இல் சென்னையில் சீட்டுக்குலுக்கல் நடத்தித் தங்கள் ஓவியங்கள் பலவற்றை விற்றதும் உண்டு. லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 செப்புத்தகட்டு அச்சுப்படங்களில், காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டையும் கோட்டையின் உட்புறமும் இடம்பெற்றன. ஆண்டுகள் கடந்து லண்டன் அறையில் எண்ணெயில் பூசிய வானத்தைவிடக் களத்துப் பென்சில் கோடே நம்பத் தக்கது என்று சொல்லத் தோன்றுகிறது.

  

திருச்சி ஓவியர்கள் வேறு வழியில் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் காக்காப்பொன் தகடுகளில் ஊர்வலங்களையும் தொழிலாளர்களையும் சிறு படங்களாக எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். முகம் எழுதிய ஓர் அட்டையின்மேல், உடை மட்டும் வரைந்த தகடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் தொகுதிகளும் அக்காலத்தில் விற்பனையாயின.

பழைய காட்சிகளை இன்றைய ஊரோடு ஒப்பிடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இன்று தொலைவிலேயே கண்ணில் படும் ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் அன்று மேல்நிலைகள் எழும்பாத மொட்டைக் கோபுரம். 73 மீட்டர் உயரத்துக்கு அது நிறைவு பெற்றது 1987இல்தான்.