லைடார் பல்லுணரி இணைப்பு

லேசர் ராடார் எனப்படும் லைடார், ஒளித்துடிப்பை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கிறது. அளவு நுட்பமானது, ஆனால் பொருளின் நிறம் அதற்குத் தெரியாது, அடர்ந்த மூடுபனியில் அது தடுமாறும். கேமராவுக்கு நிறம் தெரியும், தொலைவு நேரடியாகத் தெரியாது. ரேடியோ அலையால் இயங்கும் ராடார் மழையையும் புழுதியையும் ஊடுருவி வேகத்தை அளந்தாலும் உருவத்தை மங்கலாகவே தருகிறது. இவற்றைச் சேர்த்து இயக்கும் நுட்பமே பல்லுணரி இணைப்பு.

இதன் இரு வேர்களும் 1960இல் தோன்றின. தியோடர் மைமன் அவ்வாண்டு முதல் லேசரை இயக்கினார். பிழையுள்ள அளவீடுகளை அவற்றின் நம்பகத்துக்கு ஏற்பக் கலந்து கணிக்கும் முறையை ருடால்ஃப் கால்மன் வெளியிட்டார்.

1971இல் அப்போலோ 15 நிலவைச் சுற்றியபோது, ஒரு கேமரா தரையைப் படமெடுத்தது. இன்னொன்று கலத்தின் திசையை அறிய விண்மீன்களைப் படமெடுத்தது. லேசர் உயரமானி உயரத்தை அளந்தது. பின்னர் இடமறியும் ஜிபிஎஸ்ஸும் அசைவை அளக்கும் நிலைம உணரிகளும் சேர்ந்த பிறகே விமானத்திலிருந்து லைடார் மூலம் நிலப்படம் வரைவது நடைமுறைக்கு வந்தது.

பெரிய திருப்பம் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நிகழ்ந்தது. ஓட்டுநரில்லா வண்டிகளுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா 2004இல் நடத்திய போட்டியில் எந்த வண்டியும் இலக்கை எட்டவில்லை. 2005 அக்டோபரில், செபாஸ்டியன் திரன் தலைமையிலான ஸ்டான்ஃபோர்டு அணியின் ‘ஸ்டான்லி’ சுமார் 212 கி.மீ. பாதையை ஏழு மணி நேரத்துக்குள் கடந்து வென்றது. அதன் கூரையில் இருந்த ஐந்து லேசர் கருவிகளால் ஏறத்தாழ 22 மீட்டர் வரையே தடைகளை நம்பகமாகக் கண்டறிய முடிந்தது. வேகமாக ஓட்ட அது போதாது. எனவே அருகில் லேசர் ‘தடையற்றது’ என்று உறுதிசெய்த தரையின் நிறத்தைக் கேமரா கற்றுக்கொண்டு, அதே நிறத்தைத் தொலைவிலும் தேடியது. மண்ணின் நிறம் மாறும்போதெல்லாம் இந்தப் பாடமும் புதுப்பிக்கப்பட்டது. ஓர் உணரி மற்றொன்றுக்கு ஆசிரியரான இந்த உத்தி, இத்துறையின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று.

டார்ப்பாவின் 2007 நகர்ப்புறப் போட்டியில், 64 லேசர்கள் கொண்ட வெலோடைன் நிறுவனத்தின் சுழல் லைடார் பல வண்டிகளில் இடம்பெற்றது.

இணைப்பில் கடினமானது ஒத்திசைவு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியில், இரு உணரிகளின் கடிகாரங்கள் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், ஒரே பொருள் ஏறக்குறைய மூன்று மீட்டர் விலகிய இரண்டாகத் தெரியும்.

கருவிகள் கண்டால் மட்டும் போதாது என்பதை 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் நடந்த உயிரிழப்பு உணர்த்தியது. சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்ணை, ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை வண்டி மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே உணர்ந்தது. ஆனால் அவரை வாகனம், இனந்தெரியாத பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் முந்தைய நகர்வுப் பதிவைக் கைவிட்டதாக விசாரணை கூறியது.

இந்தியாவின் நிலவுப் பயணங்களும் உணரிகளைச் சேர்த்தே பயன்படுத்தின. 2008இல் ஏவப்பட்ட, மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, லேசர் அளவியையும் நிலப்பரப்புக் கேமராவையும் சேர்த்தே கொண்டுசென்றது. வீரமுத்துவேல் இயக்கிய சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம், லேசர் உயரமானி, ரேடியோ அலை உயரமானி, புதிதாகச் சேர்க்கப்பட்ட லேசர் டாப்ளர் வேகமானி, தடை கண்டறியும் கேமரா ஆகியவற்றின் துணையுடன் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்தை அண்டிய பகுதியில் இறங்கியது.