ஏலத்துக்கு வந்த பாளையம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பகுதியில் ஒரு பெரிய எஸ்டேட் விலைக்கு வரும்போது, மாளிகையும் பண்ணை நிலமும் மட்டுமல்லாமல், ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைச்சரிவும், அங்கே மேயும் செம்மானைச் சுடும் உரிமையும், கிரௌஸ் என்னும் காட்டுக்கோழியை வேட்டையாடும் உரிமையும், பல இடங்களில் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கும் உரிமையும் சேர்ந்தே கைமாறுகின்றன. 1852-இல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் பால்மோரலை விலைக்கு வாங்கிய பிறகு, இத்தகைய வேட்டை எஸ்டேட் ஒன்றை வைத்திருப்பது பிரிட்டிஷ் செல்வந்தர்களுக்குப் பெருமைக்குரியதாயிற்று. திண்டுக்கல் சமவெளியில் இதற்கு ஓரளவு ஒப்பிடத்தக்கது பாளையம். எனினும் பாளையத்தை விலைக்கு வாங்கவோ விற்கவோ முடியும் என்ற எண்ணமே இந்த வட்டாரத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களின் காவலைப் பாளையத்துக்கு ஒன்றாக ஒப்படைத்தார்கள் என்பது மரபு. வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கும், ஒரு பங்கு படைச்செலவுக்கும், எஞ்சியது பாளையக்காரருக்கும் என்பது ஏற்பாடு. வேடசந்தூர் அருகேயுள்ள எரியோடு, மேற்கே இடையகோட்டை, விருப்பாட்சி, தெற்கே கன்னிவாடி, அம்மையநாயக்கனூர் ஆகியவை திண்டுக்கல் சீமையின் பாளையங்களில் சில. நிலத்திலிருந்து கிடைத்த பங்கைப் போலவே காவலும் பாளையக்காரருக்கு முக்கியமான வருவாயாக இருந்தது. களவு போன மாட்டையோ தானியத்தையோ மீட்டுத் தருவது, முடியாவிட்டால் ஈடு கொடுப்பது என்ற பொறுப்புக்காகக் குடிகள் அவருக்குக் காவல் வரி கொடுத்தார்கள். மழை வந்தால் மட்டுமே கொடகனாற்றில் வெள்ளம் பார்க்கும் மேட்டாங்காட்டில், கம்பும் சோளமும் கிணற்றுத் தண்ணீரும் தருவதைக் கொண்டு மட்டும் ஒரு சிறுபடையைக் கட்டிக் காப்பது எளிதன்று. ஆகவே பாளையம் என்பது மண்ணைவிட அதிகமாக ஒரு பதவி, ஒரு கடமை, ஓர் உறவுமுறை. அந்தப் பதவி வாளால் பறிபோகும், பரிசாகக் கிடைக்கும், ஆனால் ஏலச் சுத்தியலுக்கு அடங்காது.

1755-இல் திண்டுக்கல்லுக்கு மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்த ஹைதர் அலியும், பின்னர் திப்பு சுல்தானும் பாளையங்கள் பலவற்றைக் கப்பம் கட்டாததற்காகப் பறித்தார்கள். சில திரும்பவும் கொடுக்கப்பட்டன. 1790-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதும் கம்பெனிக்கு உரியதாயிற்று. முதல் கலெக்டராக அமர்ந்த அலெக்சாண்டர் மெக்ளியாட் தாங்கிய பெயர் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலம் ஒன்றின் பெயர் என்பது கவனிக்கத்தக்கது. கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரரின் வாளுக்கு அத்தோடு வேலை இல்லாமற்போயிற்று.

வாள் போன இடத்துக்குத்தான் பத்திரம் வந்தது. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், வங்காளத்தில் காரன்வாலிஸ் நடைமுறைப்படுத்திய நிரந்தரத் தீர்வையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது. அதன்படி ஜமீன்தார் ஒரு சனது, அதாவது உரிமைப்பட்டயம், பெற்றுக்கொண்டு, என்றைக்கும் மாறாத பேஷ்குஷ் என்னும் தொகையை அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டினால் நிலம் அவருடையது, அதை அவர் விற்கலாம், அடகு வைக்கலாம். கிஸ்தி, அதாவது தவணை, தவறினால் அரசு அந்த நிலத்தை ஏலத்தில் விட்டு நிலுவையை எடுத்துக்கொள்ளும். சொத்துரிமை என்று தரப்பட்டதன் மறுபக்கமே ஏலம் என்பதைச் சனது பெற்றவர்களில் எத்தனை பேர் அன்றே உணர்ந்தார்கள் என்பது ஐயத்துக்குரியது. காவல் உரிமையைக் கம்பெனி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால், படையில்லாத, காவல் வரியில்லாத, வரிப்பொறுப்பு மட்டும் எஞ்சிய பாளையமே ஜமீன் என்ற புதுப்பெயரைப் பெற்றது.

திண்டுக்கல்லில் பழைய பாளையங்களோடு, அரசின் நேர்நிர்வாகத்தில் இருந்த ஊர்களும் தொகுக்கப்பட்டு மிட்டாக்களாக, அதாவது ஏலத்தில் விடுவதற்காகவே வெட்டியெடுத்த ஜமீன்களாக, ஆக்கப்பட்டன. கலெக்டர் ஹர்டிஸ் காலத்து நில அளவையும் தீர்வையும் இதற்கு அடிப்படை. அந்தத் தீர்வை கூடுதலாக விதிக்கப்பட்டிருந்தது, மழையும் பொய்த்தது, மிட்டாதார்கள் பலர் தவணைப் பணம் கட்ட முடியாமல் தவித்தார்கள், சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மிட்டாக்கள் அரசின் கைக்கே திரும்பின. மேட்டாங்காட்டின் மழைக்கணக்கைத் தவறாகப் போட்டவர்களின் பிழை அது. வாங்கியவர்கள்மேல் மட்டும் பழிபோடுவது நியாயமானதாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்த ஊர்களில் அரசு ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. இடைத்தரகர் இன்றி, ஒவ்வொரு குடியானவரும் தம் பட்டாவின் பேரில் அரசுக்கு நேரே தீர்வை கட்டும் முறை அது. அதன் பெரும் ஆதரவாளரும், 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்தவருமான தாமஸ் மன்றோ கிளாஸ்கோ நகரத்தவர். அவருடைய சொந்த நாட்டின் வடபகுதியில் அதே காலத்தில் நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை ஊரோடு வெளியேற்றி, ஆட்டுப்பண்ணைக்கும் பிறகு மான் வேட்டைக்கும் நிலத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மற்றப் பகுதிகளில் ஏலமும் குத்தகையும் தொடர்ந்தன. சேலம் மிட்டாவை ஜி.எஃப். ஃபிஷர் என்ற ஐரோப்பியர் வாங்கினார். சிவகங்கை ஜமீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் குத்தகைதாரர்களிடம் போனது. கடனுக்கு ஜமீன்கள் கரைவதைத் தடுக்க 1904-இல் பங்கிடப்படாத எஸ்டேட்டுகளுக்கான சட்டமும், குடிகளின் சாகுபடி உரிமையைக் காக்க 1908-இல் எஸ்டேட் நிலச் சட்டமும் வந்தன. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இழப்பீடு கொடுத்து அனைத்தையும் ரயத்துவாரியாக்கியது. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றும், 1970-ஆம் ஆண்டுத் திருத்தம் 15 என்றும் வரம்பிட்டன. தர ஏக்கர் என்பது மண்ணின் தரத்துக்கும் பாசனத்துக்கும் ஏற்ப மாறும் அளவு. ஸ்காட்லாந்தில் அத்தகைய உச்சவரம்பு இல்லாததால்தான் அங்கே இன்னமும் முழு எஸ்டேட் விலைக்கு வருகிறது. 1997-இல் எய்க் தீவை அங்கே வாழ்ந்தவர்களே முன்னின்று நடத்திய அறக்கட்டளை விலைக்கு வாங்கியதும் அந்தச் சந்தையின் வழியாகத்தான்.

வேட்டை உரிமை திண்டுக்கல் சீமையில் எந்தப் பத்திரத்திலும் தனியாக விலைபேசப்பட்டதாகத் தெரியவில்லை. அது சடங்காகவே நின்றது. பழனி அருகே கோதைமங்கலத்தில் விசயதசமியன்று வன்னி, வாழைமீது அம்பு போடும் நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. விலைக்கு வராத இன்னொரு மரபாக, பாளையக்காரர் பலரின் சமூகமான கம்பளத்தாரிடம் மாலை தாண்டும் விழா தொடர்கிறது: மந்தைகளின் சலகெருதுகள் தொலைவிலுள்ள எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டு, உறுமி முழங்க அங்கிருந்து ஓட்டிவிடப்படுகின்றன, பின்னே ஆட்கள் கோலுடன் ஓடிவர, முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டும் எருதுக்கு மஞ்சள் தூவி, அதன் மந்தைக்கு எலுமிச்சம்பழம் பரிசாகக் கொடுக்கிறார்கள். அந்த எருது சாமிக்கு விடப்பட்டது. அதை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதுமில்லை, இறந்தால் புதைக்கிறார்கள்.